வேக டிக்கெட்டை எதிர்த்து வழக்காடுதல்: ஒன்ராறியோவில் பராலீகலின் பயனும் எல்லையும்

ஒன்ராறியோ மாகாணத்தில் வேக வரம்பை மீறியதற்காகப் பொலிஸார் எழுதித் தரும் டிக்கெட்டைக் குறித்து இரண்டு நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. தண்டப்பணத்தைக் கட்டிவிட்டால் விடயம் அத்துடன் முடிந்துவிடும் என்பது ஒன்று. ஒரு பராலீகலிடம் ஒப்படைத்துவிட்டால் டிக்கெட் இல்லாமலே போய்விடும் என்பது மற்றது. இரண்டும் பிழையானவை என்பதோடு, இரண்டுமே சாரதிக்குப் பணச்செலவையும், சில வேளைகளில் அனுமதிப்பத்திரத்தின் இழப்பையும் கொண்டுவரக் கூடியவை. தண்டப்பணத்தைக் கட்டுவது சட்டத்தின் பார்வையில் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும்; அந்தக் கணமே குற்றத்தீர்ப்பு சாரதியின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பராலீகலை அமர்த்துவதோ, வழக்கின் தன்மையைப் பொறுத்து, மிகுந்த பயன் தருவதாகவும் இருக்கலாம், முற்றிலும் வீண் செலவாகவும் இருக்கலாம். எந்த வழக்கில் எது என்பதைப் பிரித்தறிவதற்கு அந்த மாகாணத்தின் சட்டம் வேகக் குற்றத்தை எவ்வாறு கட்டமைத்திருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

வேகக் குற்றம் ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 128ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்டுள்ளது. அது கூட்டரசின் குற்றவியல் கோவைக்குள் அடங்குவதன்று. ஆகவே அதில் தண்டிக்கப்பட்டவர் குற்றவாளிப் பதிவைப் பெறுவதில்லை. நீதிமன்றம் விதிக்கும் தண்டப்பணம் வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கணக்கிடப்படுகிறது: 20 கிலோமீற்றருக்குக் குறைவான மீறலுக்குக் கிலோமீற்றருக்கு 3 டொலர், 20 முதல் 29 வரை 4.50 டொலர், 30 முதல் 49 வரை 7 டொலர், 50 அல்லது அதற்கு மேல் 9.75 டொலர். இவற்றின் மீது நீதிமன்றச் செலவும், பாதிக்கப்பட்டோர் நிதிக்கான மேலதிகக் கட்டணமும் சேரும். வீதித் திருத்த வேலை நடைபெறும் இடங்களிலும் சமூகப் பாதுகாப்பு வலயங்களிலும் தொகை இரட்டிப்பாகிறது. நூறு கிலோமீற்றர் வரம்புள்ள நெடுஞ்சாலையில் 129இல் சென்றவருக்கு இந்தக் கணக்கின்படி 130.50 டொலர் வரும். 130இல் சென்றவருக்கு 210 டொலர் வரும். ஒரு கிலோமீற்றர் வேறுபாட்டில் ஏறத்தாழ எண்பது டொலர் ஏறுகிற இத்தகைய படிகள் சட்டத்துக்குள்ளேயே இருப்பதனாலேயே, ஒரு படி கீழே இறங்குவதற்கான பேச்சுவார்த்தைக்கு அங்கே பொருள் ஏற்படுகிறது.

தண்டப்பணத்தை விடக் கனமானது புள்ளிக் கணக்கு. 'டிமெரிட் பொயின்ற்' என்று வழங்கும் குறைப்புள்ளி, பெயர் குறிப்பதற்கு மாறாக, இருக்கும் புள்ளியிலிருந்து கழிக்கப்படுவதன்று. பூச்சியத்திலிருந்து தொடங்கிக் கூடிக்கொண்டே போவது. 15 கிலோமீற்றர் வரையான மீறலுக்குப் புள்ளி இல்லை. 16 முதல் 29 வரை 3 புள்ளி, 30 முதல் 49 வரை 4 புள்ளி, 50 அல்லது அதற்கு மேல் 6 புள்ளி. குற்றம் நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவை பதிவில் நிற்கும். முழு அனுமதிப்பத்திரம் உடையவர் 15 புள்ளிகளை எட்டினால் 30 நாள் வாகனம் ஓட்ட முடியாது. புதிய சாரதிகளின் நிலை இதைவிடக் கடினமானது. ஜி1, ஜி2 என்னும் படிநிலை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் 4 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிக்குரிய ஒரே ஒரு குற்றத்தில் தண்டிக்கப்பட்டாலே முதல் முறை 30 நாளும், இரண்டாம் முறை 90 நாளும் அனுமதியை இழக்கிறார். மூன்றாம் முறை அனுமதிப்பத்திரமே இரத்தாகிறது. ஆகவே முழு அனுமதிப்பத்திரமுள்ள தந்தைக்குத் தண்டப்பணத்தோடும் 4 புள்ளியோடும் முடியக் கூடிய 30 கிலோமீற்றர் மீறல், ஜி2 வைத்திருக்கும் மகனுக்கு ஒரு மாதம் வேலைக்கோ வகுப்புக்கோ வாகனத்தில் போக முடியாத நிலையாக மாறுகிறது. ஒரே குற்றத்துக்கு ஒரே வீட்டில் இருவேறு மதிப்பு இருப்பதை அறியாமல், தந்தை தன் பழைய அனுபவத்தைக் கொண்டு 'கட்டிவிடு' என்று மகனுக்கு அறிவுரை சொல்வதே மிகுந்த இழப்புக்கு வழிவகுக்கிறது.

மூன்றாவதான காப்புறுதி பற்றிய குழப்பம் எல்லாவற்றிலும் பெரியது. ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதி தனியார் நிறுவனங்களின் கையில் உள்ளது. அந்நிறுவனங்கள் கட்டணத்தைத் தீர்மானிக்கையில் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. பொதுவாகக் கடந்த மூன்று ஆண்டுகளின் குற்றத்தீர்ப்புகளையே பார்க்கின்றன. ஆதலால் 15 கிலோமீற்றராகக் குறைத்து எழுதப்பட்டு, புள்ளி எதுவும் இல்லாமல் முடிந்த டிக்கெட்டும் தண்டப்பணத்தைக் கட்டிய மறுகணமே காப்புறுதியின் கண்ணுக்குத் தெரியும் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. 'புள்ளி இல்லை, கட்டிவிடலாம்' என்று வீதியோரத்தில் சொல்லப்படும் ஆறுதல் சொல் உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. ஒரு தீர்ப்பைக் கண்டுகொள்ளாத நிறுவனமும் உண்டு, இரண்டாவதில் கட்டணத்தை உயர்த்தும் நிறுவனமும் உண்டு. எனவே பதிவில் ஏற்கெனவே ஒன்று இருப்பவருக்கு அடுத்த டிக்கெட்டின் விலை அதில் எழுதப்பட்ட தொகையோடு ஒப்பிடவே முடியாத அளவு பெரியதாக இருக்கலாம். பராலீகலுக்குக் கொடுக்கும் சில நூறு டொலர் நியாயமான செலவா என்ற கேள்விக்கு விடை காண வேண்டிய இடமும் இதுவே. அந்தத் தொகையைத் தண்டப்பணத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. மூன்று ஆண்டுக் காப்புறுதிக் கட்டணத்தின் உயர்வோடு ஒப்பிட வேண்டும்.

பராலீகல் என்பவர் யார் என்பதையும் இங்கே விளக்க வேண்டும். அவர் சட்டத்தரணி அல்லர். சட்டத்தரணியின் உதவியாளரும் அல்லர். குறிப்பிட்ட சில மன்றங்களில் கட்டணம் பெற்று வாதாடத் தனி உரிமம் பெற்றவர். போக்குவரத்து வழக்குகளில் கட்சிக்காரருக்காகத் தோன்றிய முகவர்களுக்கு முன்பு எந்தப் பயிற்சியும் கட்டாயமாக இருக்கவில்லை. ஓய்வுபெற்ற பொலிஸார் பலர் இத்தொழிலில் இறங்கினர். அத்தகைய முகவர் கட்டணம் வாங்கி மாகாணக் குற்ற வழக்குகளில் தோன்றலாம் என்பதை 1987இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. தகுதியும் ஒழுக்கவிதியும் இல்லாத தொழிலினால் ஏழைகளும் புதுக்குடியேறிகளுமே ஏமாறுகிறார்கள் என்ற கவலை வளர்ந்த நிலையில், கனடிய உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் பீற்றர் கோரி 2000ஆம் ஆண்டில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும்படி அறிக்கையளித்தார். அதன் தொடர்ச்சியாக 2007 முதல் பராலீகல்கள் மாகாணத்தின் சட்டச் சங்கத்தின் உரிமத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டனர். வேக வழக்கில் சட்டத்தரணியும் வாதாடலாம். ஆயினும் அன்றாடம் அந்நீதிமன்றத்தில் நின்று, அங்குள்ள வழக்குத்தொடுநர்களின் போக்கை அறிந்தவர் பெரும்பாலும் பராலீகலே. சிறை வரக்கூடிய, அல்லது குற்றவியல் கோவையைத் தொடும் வழக்கில்தான் சட்டத்தரணியின் கட்டணத்துக்குப் பொருள் உண்டு.

டிக்கெட் கையில் வந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சாரதி மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: தண்டப்பணத்தைக் கட்டலாம், வழக்குத்தொடுநரைச் சந்தித்து முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளக் கேட்கலாம், வழக்கு விசாரணை கோரலாம். எதையும் செய்யாமல் இருப்பவர் வழக்கை எதிர்க்கவில்லை என்று கருதப்பட்டு, அவர் இல்லாமலே குற்றத்தீர்ப்பு பதியப்படுகிறது. விசாரணையை நடத்துபவர் சமாதான நீதவான். இலங்கையில் அப்பெயர் பத்திரங்களை உறுதிப்படுத்தும் ஊர்ப் பெரியவரைக் குறிப்பதால் தமிழர் பலர் இவரை எளிதாக எண்ணிவிடுகிறார்கள். ஒன்ராறியோவிலோ அவர் சாட்சியங்களைக் கேட்டுத் தீர்ப்பும் தண்டனையும் வழங்கும் நீதி அதிகாரி.

அவர் முன்னிலையில் சாரதிகள் பெரும்பாலும் சொல்வது காரணங்களையே. வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை, வேகமானி பழுதாகியிருந்தது, எல்லோரும் அந்த வேகத்தில்தான் போனார்கள், வேகப் பலகையைக் கவனிக்கவில்லை. இவை மனிதத் தன்மையோடு கேட்கப்படலாம், தண்டப்பணத்தைக் குறைக்கவும் உதவலாம். ஆனால் குற்றத்திலிருந்து விடுவிக்கமாட்டா. கனடிய உச்ச நீதிமன்றம் 1978இல் சூ செயின்ற் மரீ நகர் தொடர்பான வழக்கில் குற்றங்களை மூன்று வகையாகப் பிரித்தது. குற்ற மனம் நிறுவப்பட வேண்டியவை முதல் வகை. செயல் நிறுவப்பட்டாலே போதும், ஆயினும் தக்க கவனம் எடுத்ததாகக் காட்டித் தப்பலாம் என்னும் கடும்பொறுப்புக் குற்றங்கள் இரண்டாம் வகை. கவனம் எடுத்தேன் என்பதற்கும் இடமில்லாத முழுப்பொறுப்புக் குற்றங்கள் மூன்றாம் வகை. வேகக் குற்றம் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது என்பது ஒன்ராறியோ நீதிமன்றங்களில் நிலைபெற்ற முடிவு. வேகம் வரம்பைத் தாண்டியதா என்பது மட்டுமே கேள்வி. ஏன் தாண்டியது என்பது கேள்வியே அன்று.

இந்த விதி கொடியதாகத் தோன்றினாலும் அதற்கு நியாயம் உண்டு. மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும் வாகனம் 60க்கு மாறும்போது அதன் மோதல் ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. பாதசாரியின் உடலுக்குச் சாரதியின் காரணங்கள் தெரியா. எனினும் காரணம் கேட்காத குற்றத்தில் மெய்ப்பிக்கும் கடமையாவது முழுமையாக நிறைவேற்றப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதனினும் நியாயமானது. வேக டிக்கெட்டை எதிர்ப்பதைத் தந்திரமாகவும், எதிர்ப்பவரைப் பொறுப்பற்றவராகவும் பார்க்கும் பார்வை இந்தக் காரணத்தால் ஏற்கத்தக்கதன்று. சாரதிக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் ஒரே தற்காப்பு, அரசு தன் சாட்சியத்தைச் சரியாக முன்வைத்ததா என்று சோதிப்பதுதான்.

அந்தச் சோதனையே பராலீகலின் உண்மையான வேலை. அது நீதிமன்றத்துக்கு வெளியில், காகிதங்களின் மீது நடக்கிறது. விசாரணை கோரியதும் அவர் முதலில் கேட்பது 'டிஸ்குளோஷர்' எனப்படும் ஆதார வெளிப்படுத்தல், அதாவது வழக்குத்தொடுநரின் கையிலுள்ள சாட்சியங்களின் பிரதி. 1991இல் உச்ச நீதிமன்றம் ஸ்டின்ச்கோம்ப் வழக்கில் உறுதிப்படுத்திய உரிமை இது. வேக வழக்கில் அது பெரும்பாலும் ஓரிரு தாள்களே: பொலிஸ் அலுவலர் அவசர எழுத்தில் எழுதிய குறிப்பு, வேகம் அளந்த கருவியின் கையேட்டுப் பக்கங்கள், சில வேளை வாகனக் கமெராப் பதிவு. அந்தக் குறிப்பில் கருவியின் பெயர், அதைப் பணி தொடங்கும்போதும் முடியும்போதும் சோதித்த நேரம், சோதனையின் முடிவு, வாகனத்தை எந்தத் தடத்தில் கண்டார், எவ்வளவு தொலைவில் அளந்தார், பார்வையை மறைக்க வேறு வாகனம் இருந்ததா, சாரதியை எந்த ஆவணத்தைக் கொண்டு அடையாளம் கண்டார் என்பவை இருக்க வேண்டும். லேசர் கருவி தகுந்த பயிற்சி பெற்றவரால் முறையாகச் சோதிக்கப்பட்டு இயக்கப்பட்டது என்ற சாட்சியம் இருந்தால், அறிவியல் நிபுணரை அழைக்காமலே அதன் அளவை ஏற்கலாம் என்பது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அத்தீர்ப்பை மறுபுறமாகப் படிப்பதுதான் எதிர்வாதியின் தொழில்: பணிக்குப் பின்னான சோதனை பற்றிக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லையென்றால், அலுவலரின் நினைவு அந்த வெற்றிடத்தை நிரப்புமா என்று குறுக்கு விசாரணையில் கேட்க வழி திறக்கிறது.

அதே தாளில் பராலீகல் தேட வேண்டிய இன்னொரு எண்ணும் உண்டு; தானே வழக்காடச் செல்பவர்கள் தவறவிடுவதும் அதையே. நூறு வரம்பில் 128இல் சென்ற ஒருவருக்கு அலுவலர் இரக்கப்பட்டு 115 என்று டிக்கெட் எழுதுவது ஒன்ராறியோவில் வழக்கம். கையில் உள்ள சீட்டில் 115 இருக்கும். அலுவலரின் குறிப்பில் 128 இருக்கும். விசாரணை கோரப்பட்டால் குற்றச்சாட்டை உண்மையில் அளந்த வேகத்துக்கு உயர்த்தித் திருத்துமாறு வழக்குத்தொடுநர் கேட்கலாம். எதிர்வாதிக்கு அதனால் அநீதி நேராத வகையில் நீதிமன்றம் அதை அனுமதிக்கலாம் என்று யோர்க் பிராந்தியத்தின் வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றக் கணக்கில் 45 டொலரும் புள்ளியின்மையுமாக இருந்த டிக்கெட், நீதிமன்றப் படியேறியதால் 126 டொலரும் 3 புள்ளியுமாகிவிடும். சலுகையாகக் கிடைத்த டிக்கெட்டை எதிர்ப்பதற்கு முன் குறிப்பில் உள்ள வேகத்தைப் பார்க்காத எவரும், அவர் பராலீகலாயினும், தம் பணியைச் செய்தவராகார்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடிய உரிமைகள் சாசனத்தின் 11ஆம் பிரிவு நியாயமான காலத்துக்குள் விசாரிக்கப்படும் உரிமையைத் தருகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஜோர்டன் தீர்ப்பு மாகாண நீதிமன்றங்களுக்குப் பொதுவாக 18 மாத உச்ச எல்லையை வகுத்தது. நெரிசல் மிகுந்த நீதிமன்றங்களில் இந்த எல்லையைத் தாண்டும் வழக்குகள் நிறுத்தப்படுவதுண்டு. ஆனால் எதிர்வாதியே கேட்ட ஒத்திவைப்புகள் அந்தக் கணக்கில் கழிக்கப்படும். இழுத்தடித்தால் தானாகவே விழுந்துவிடும் என்ற பேச்சு ஆதாரமற்றது. பொலிஸ் அலுவலர் வராமல் போவார் என்ற எதிர்பார்ப்பும் அத்தகையதே: அவர்களுக்கான வழக்குகள் ஒரே நாளில் தொகுக்கப்படுகின்றன, காணொளி வழியாகச் சாட்சியமளிக்கும் வழக்கமும் 2020க்குப் பின் பரவிவிட்டது.

பெருவேக வழக்குகளில் நிலைமை முற்றிலும் வேறு. வரம்பு 80க்குக் குறைவான வீதியில் 40 கிலோமீற்றரும், ஏனையவற்றில் 50 கிலோமீற்றரும் மிகையாகச் செல்வதும், எங்கும் 150ஐ எட்டுவதும் 'ஸ்டன்ட் டிரைவிங்' என்னும் தனிக் குற்றமாகும். 2021 திருத்தத்தின்படி வீதியோரத்திலேயே அனுமதிப்பத்திரம் 30 நாளுக்கும் வாகனம் 14 நாளுக்கும் பறிக்கப்படுகின்றன. வழக்கில் வென்றாலும் அந்த நாட்கள் திரும்பி வருவதில்லை. தண்டிக்கப்பட்டால் 2,000 முதல் 10,000 டொலர் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, முதல் குற்றத்துக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அனுமதி இழப்பு. ஆயினும் சட்டத்தின் ஒரு கதவு இங்கே திறக்கிறது. சிறைத்தண்டனையும் முழுப்பொறுப்பும் ஒன்றாக நிற்பது சாசனத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் கூறியிருந்தது. அதன் வழியில் 2010இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், வேகத்தால் நிகழும் ஸ்டன்ட் டிரைவிங் கடும்பொறுப்புக் குற்றமே என்று முடிவு செய்தது. ஆகவே நூறு வரம்பில் 49 கிலோமீற்றர் மிகையில் கேட்கப்படாத 'ஏன்' என்ற கேள்வி இவ்வகை வழக்கில் கேட்கப்படலாம். தக்க கவனம் எடுத்ததாகக் காட்ட இடமுண்டு. இந்த வாதத்தைச் சாதாரணக் குடிமகன் தானே கட்டமைத்துச் சொல்வது அரிது. இத்தகைய வழக்கில் அனுபவமுள்ள பராலீகலையோ சட்டத்தரணியையோ அமர்த்துவதை ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது.

கமெரா டிக்கெட்டுகளில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. 1994இல் கொண்டுவரப்பட்டு மறு ஆண்டே கைவிடப்பட்ட ராடர் கமெராக்கள், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பாடசாலை வலயங்களுக்குத் திரும்பின. ரொறொன்ரோவில் 2020இல் தண்டம் விதிக்கத் தொடங்கி, 2025 நவம்பரில் மாகாண அரசால் தடைசெய்யப்பட்டன. அவற்றின் டிக்கெட்டுகள் வாகன உரிமையாளருக்கே அனுப்பப்பட்டன. புள்ளியும் இருக்கவில்லை, காப்புறுதிப் பாதிப்பும் இருக்கவில்லை. அத்தகைய சீட்டுக்குப் பராலீகலை அமர்த்தியவர் தண்டப்பணத்தை இருமுறை கட்டியவராவார். எல்லை தாண்டி நியூயோர்க் அல்லது மிச்சிகன் மாநிலத்தில் பெற்ற டிக்கெட் அங்கேயே முடிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. அவ்விரண்டு மாநிலங்களுடனும் ஒன்ராறியோவுக்கு உடன்பாடு இருப்பதால் குற்றம் சாரதியின் பதிவில் வந்து சேரும்.

எவரை அமர்த்துவது என்பதில் சில அடையாளங்கள் தெளிவானவை. வெற்றி கிடைத்தால் மட்டுமே கட்டணம் என்ற ஏற்பாடு இத்தகைய குற்ற வழக்குகளில் பராலீகல்களுக்கு ஒழுக்கவிதியால் தடுக்கப்பட்டது. அதை வாக்களிப்பவர் தொடக்கத்திலேயே விதியை மீறுகிறார். 'வெற்றி' என்ற சொல்லைப் பயன்படுத்துபவரிடம் அது குற்றச்சாட்டு நீங்குவதையா, 30 மிகை 15ஆகக் குறைவதையா குறிக்கிறது என்று கேட்க வேண்டும். முதலாவதில் காப்புறுதிக்கு எதுவும் தெரியாது, இரண்டாவதில் தெரியும். உரிமம் உண்மையானதா என்பதைச் சட்டச் சங்கத்தின் பொதுப் பட்டியலில் எவரும் பார்க்கலாம். முதல் முறையாக, 20 கிலோமீற்றர் அளவில் மிகையாகச் சென்ற முழு அனுமதிப்பத்திரக்காரர் முன்கூட்டிய தீர்வுச் சந்திப்புக்குத் தாமே போய்க் குறைந்த குற்றச்சாட்டைக் கேட்பது பெரும்பாலும் போதுமானது. அதே முடிவை வாங்கித் தருவதற்கு மட்டுமே கட்டணம் கேட்பவரிடம் போகத் தேவையில்லை. தானே போவதால் ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு மட்டும் இக்கணக்கு மாறும், ஏனெனில் உரிமம் பெற்ற பிரதிநிதி கட்சிக்காரர் வராமலே அவருக்காகத் தோன்ற முடியும்.

ஆங்கிலம் போதாத சாரதியின் நிலை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. தமிழர் செறிந்து வாழும் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் அது சிறு தொகையினரின் சிக்கல் அன்று. வீதியோரத்தில் அலுவலர் கேட்பதற்கெல்லாம் 'யெஸ்' என்று சொல்லி வைத்த தலையசைப்பு, அவருடைய குறிப்பில் 'வேகத்தை ஒப்புக்கொண்டார்' என்ற வரியாக மாறியிருக்கக் கூடும். சாசனத்தின் 14ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை அளிக்கிறது. 1994இல் ட்ரான் வழக்கில், மொழிபெயர்ப்பாளர் முழுமையாகச் சொல்லாமல் சுருக்கிச் சொன்னதற்காகவே உச்ச நீதிமன்றம் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. மொழிபெயர்ப்பு தொடர்ச்சியாகவும், துல்லியமாகவும், நடுநிலையாகவும், தகுதியுள்ளவராலும், உடனுக்குடனும் நடக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு வகுத்த அளவுகோல். கூட வந்த மகளோ மருமகனோ அந்த இடத்தில் நிற்க முடியாது. மொழிபெயர்ப்பாளருக்குச் சாரதி எதுவும் செலுத்த வேண்டியதில்லை. விசாரணை கோரும் படிவத்திலேயே மொழியைக் குறிப்பிட இடம் உள்ளது, அதில் தமிழ் என்று எழுதினால் போதும். 15 நாளுக்குள் கட்டப்பட்டுவிடும் டிக்கெட்டில் அந்த இடம் நிரப்பப்படுவதேயில்லை.